உப்பில்லாத உலை

மனைவி செத்த தீட்டுக் கழிந்து மடைப்பள்ளிக்காரர் கோயிலுக்குத் திரும்பினார். வெளிப்பிராகாரத்தின் தென்கிழக்கு மூலையில் இருந்த மடைப்பள்ளியைத் திறந்து, அடுப்பை மூட்டி, உச்சிக்காலப் பூசைக்கு உலை வைத்தார். எல்லாம் பழையபடிதான். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பூத்தொடுக்கிற மனைவி மட்டும் இல்லை.

சாமிக்குப் படைக்கும்முன் சோற்றை ருசி பார்க்கக் கூடாது. மோந்துகூடப் பார்க்கக் கூடாது. இந்த மனுஷருக்கோ உப்புப் போட்டோமா இல்லையா என்பது அடுத்த நொடியே மறந்துபோகும். முப்பது வருஷமாக அந்த அம்மாள்தான் அவர் மானத்தைக் காப்பாற்றினாள். உலை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே உப்பு விழுந்ததா என்று சொல்லிவிடுவாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மூலவர் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.

அன்றும் மறந்தார்.

"ஏங்க, உப்பு."

ஜன்னலில் யாருமில்லை. கல்தளத்தில் வெயில் மட்டும் கிடந்தது. அடுப்படியில் நின்றும் அவருக்கு முதுகு சில்லிட்டது. உப்பை அள்ளிப் போட்டார்.

மறுநாள் மறக்கவில்லை. போடாமல் நின்றார்.

"ஏங்க, உப்பு."

இப்படியே ஒரு மாதம். பயம் தெளிந்து, உலை வைக்கும்முன் தலையைச் சீவிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. எங்கிருந்தோ ஓடிவந்து, மூச்சிரைக்கச் சொல்வது போலிருந்தது. ஜன்னலில் அழுகிய பூவின் நாற்றம்.

பொறுக்காமல் குருக்களிடம் சொன்னார்.

"மடைப்பள்ளின்னா ஆவி வரத்தாண்ணே செய்யும்," என்று சிரித்த குருக்கள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அண்ணி இருந்தப்பவும் உங்களால ஓய்வில்ல. இப்பவாவது விடுங்க. நாளைக்கு உப்பை முதல்லயே போட்டுடுங்க."

மறுநாள் தண்ணீர் சுடுமுன்பே போட்டார். உலை கொதித்தது.

"ஏங்க, உப்பு."

"போட்டாச்சும்மா. நீ போ."

"ஏங்க, உப்பு."

அவளுக்கு இப்போது கொதி கேட்கவில்லை. அந்த ஒரு பேச்சுதான் மிச்சம். தினமும் அதைச் சொல்லவைத்து, அவர்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தார்.

சோற்றுப் பாத்திரத்தை மூடித் தோளில் ஏற்றி நடந்தார். கொடிமரம் தாண்டினார். நந்தியைத் தாண்டினார். பின்னாலேயே ஒரு சேலைச் சரசரப்பு வந்தது. அர்த்தமண்டபத்தில் பாத்திரத்தை இறக்கிக் கொடுத்தார். அதற்கு மேல் குருக்களைத் தவிர யாரும் போகக் கூடாது.

சரசரப்பு அவரைக் கடந்து உள்ளே போனது.

திரை விழுந்தது. மணி அடித்தது. பாதியில் நின்றது.

திரைக்குப் பின்னாலிருந்து குருக்களின் குரல் தணிந்து வந்தது.

"அண்ணே... உப்புப் போட்டாச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."