பதினான்கு பேரிங்குகள்

நெய்தல் விண்கப்பலில் காலை ஆறு மணியானால் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். நாற்பது நிமிடம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. அறுநூறு பேரும் மெதுவாக மூச்சு விட்டால், கெட்ட காற்றை அகற்றும் மூச்சிறைப்பிகளில் ஒன்றை அந்த நேரம் தேயாமல் நிறுத்தி வைக்கலாம். அங்கே வளரும் குழந்தைகளுக்கு இது பல் துலக்குவது போல ஒரு பழக்கம்.

இதற்குக் காரணம் தான்தான் என்று பராமரிப்புத் தலைவி இன்பவல்லி நினைத்தாள். ஆறு வருடங்களுக்கு முன் அவள் உள்ளதை எழுதியிருந்தாள்.

மூச்சிறைப்பியின் பேரிங் எப்போது தேயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று மூன்றே வருடத்தில் போகும். பக்கத்தில் இருப்பது பதினைந்து வருடம் ஓடும். எல்லாச் சாத்தியங்களையும் கணக்கிட்டு, அடுத்த சரக்குக்கலம் வரும்வரை பதினான்கு வேண்டும் என்று கேட்டாள். சனிக்கோளின் நிலவான டைட்டனில் உள்ள கிடங்கில் உதிரிகளைப் பங்கிடும் எந்திரத்துக்கு ஒதுக்கி என்று பெயர். அது ஏழு அனுப்பியது. 'கப்பல்கள் தேவையைப்போல் இருமடங்கு கேட்பது வழக்கம். பாதியாகத் திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பும் வந்தது.

மறுபடி கேட்கும் காலம் வந்தது.

"இந்தத் தடவையும் கணக்குப்படிதான் எழுதினியாம்மா?" என்றார் கேப்டன் சிலுவைமுத்து.

"எழுதிட்டேன் கேப்டன். அனுப்பிடுங்க."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு என்று எழுதியிருந்தாள்.

எட்டு மாதம் கழித்துக் கலம் வந்தது. பெட்டிகளை இரண்டு முறை எண்ணிவிட்டுக் கேப்டனிடம் போனாள்.

"இருபத்தெட்டு வந்திருக்கு. நான் கேட்டதே அவ்வளவுதான். வெட்டவே இல்லையே?"

"நீ பொய் எழுத மாட்டேன்னு தெரியும்மா. அதான் நானே ஐம்பத்தாறுன்னு மாத்தி அனுப்பினேன்."

"நான்தான் ஏற்கெனவே இரட்டிப்பா எழுதியிருந்தேனே..."

சிரிக்க வேண்டிய இடம். இருவருக்கும் தெம்பில்லை.

சரக்குச் சீட்டின் அடியில் இன்னொரு வரி இருந்தது. கிடங்கில் இருப்பு குறைவு என்பதால் முல்லைக் கப்பலின் பங்கிலிருந்து எடுத்துத் தரப்பட்டதாம். முல்லைக்கு மூன்றுதான். அங்கே பராமரிப்பைப் பார்க்கும் கனியமுதனை அவள் நேரில் கண்டதில்லை. குரல் மட்டும் தெரியும். போன வருடம் அவர் சொல்லியனுப்பியிருந்தார்: "உங்களைப் பார்த்துதாங்க நானும் உள்ளதை உள்ளபடி எழுதுறேன்."

"கலம் அடுத்து முல்லைக்குத்தானே போகுது? மிச்சம் பதினாலையும் அதுலயே ஏத்திவிட்டுடலாம்" என்றாள்.

"ஏத்தலாம். மிஞ்சிப்போச்சுன்னு ஒதுக்கிக்குத் தெரிஞ்சிடும். அடுத்த நடை நமக்கு மூணுதான் வரும். அப்புறம் நம்ம பிள்ளைங்க எத்தனை மணி நேரம் அசையாம உட்காரும்?"

கலம் மூன்று நாள் நின்றது. முதல் நாள் மாற்றல் சீட்டு எழுதினாள். இரண்டாம் நாள் அதில் கையெழுத்தும் போட்டாள். மூன்றாம் நாள் முழுக்க அது அவள் சட்டைப்பையிலேயே இருந்தது. கலம் புறப்பட்டுப் போயிற்று.

மிச்சம் இருந்தால் ஒதுக்கியின் இருப்புக் கணக்கெடுப்பில் தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பேரிங்குகளில் பதினான்கைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டச் சொன்னார் கேப்டன். கழற்றியதை உருக்கிவிட வேண்டும் என்பது விதி. இன்பவல்லி தானே உலைக்கு எடுத்துப் போனாள். ஒன்றை விரலில் மாட்டிச் சுண்டிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் வெகு நேரம் சுழன்றது. அது நிற்கும்வரை காத்திருந்து, உள்ளே போட்டாள்.

மறு மாதம் ஒதுக்கியிடமிருந்து பாராட்டு வந்தது.

'நெய்தலில் தேவைக்கு மேல் இருப்பு ஏதுமில்லை. இவ்வளவு துல்லியமாகத் தேவையை மதிப்பிட்ட கப்பல் வேறு இல்லை. இதே முறையைப் பின்பற்றுமாறு முல்லைக்கு அறிவுறுத்தியுள்ளோம்.'