கடவுளைத் தொலைத்த சுண்டு

வழிபாட்டு மண்டபத்தின் பின்னறையில் குழந்தைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்து அட்டை கழன்ற ஒரு பக்திக் கதைப் புத்தகத்தைப் பிரித்து, டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"பிடிச்ச சொற்களைச் சுத்திக் கட்டம் போடுங்க. மத்ததையெல்லாம் வண்ணம் பூசி மறைச்சிடுங்க. மிஞ்சுறதுதான் உங்க பிரார்த்தனை. அம்மா அப்பா வந்ததும் சுவரில மாட்டிக் காட்டலாம்."

ஓயாமல் பேசுவதால் மைனா என்று பெயர் வாங்கியவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி சுண்டு. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். தேடித் தேடி நான்கு சொற்களுக்குக் கட்டம் போட்டான்.

"கடவுள்... பக்கத்தில்... ஆட்டுக்குட்டி... தூங்கியது!"

"அட, நல்லா இருக்கேடா!" என்றாள் மைனா.

அந்தச் சந்தோஷத்தில் சுண்டு நீல வண்ணத்தைக் குழைத்து அப்பினான். தூரிகை வழுக்கி, ஒரு கட்டத்துக்குள் போய்விட்டது. விரலால் தேய்த்தான். ஊறிய தாள் சட்டென்று கிழிந்தது.

சுண்டுவின் முகம் சுருங்கியது.

"அக்கா," என்றான் மெல்ல, "கடவுளைத் தொலைச்சிட்டேன்."

முன்னால் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். "ஐயையோ! கடவுள் பேரையே கிழிச்சிட்டியா? போச்சு போ!"

சுண்டு தாளைக் கசக்கப் போனான். மைனா அவன் கையைப் பிடித்தாள்.

"இருடா. வேணும்னேவா கிழிச்சே?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன?"

ஓட்டையை உற்றுப் பார்த்தாள். அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டினாள். "இதுல நீயே எழுது."

சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு 'கடவுள்' என்று எழுதினான். 'ள்' மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது. மைனா கெட்டித் தாளில் குட்டியாக ஒரு கதவு வெட்டி, ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பசை தடவி அதன்மேல் ஒட்டினாள். சுண்டு கதவுக்கு நீலம் பூசினான்.

முன்னால் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். "எனக்கும் ஒரு கதவு வெட்டித் தர்றியா?"

பெற்றோர் வந்தார்கள். தாள்கள் சுவரேறின. டீச்சர் சுண்டுவின் கதவுக்கு முன்னால் நின்று, விரலால் மெதுவாகத் தட்டினார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இருக்கார் டீச்சர்," என்றான் சுண்டு. "ஆனா பெயிண்ட் இன்னும் காயல. பார்த்துத் திறங்க!"