நூல் சொன்ன வேகம்

அவளுக்குப் பத்து வயது. வீட்டில் எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அக்காவுக்குப் பதினெட்டு. அக்கா பளு தூக்குபவள். நூறு கிலோ இரும்பைத் தரையிலிருந்து இடுப்பு வரை இழுத்துவிட்டு, "ம், அடுத்தது" என்று சாதாரணமாகச் சொல்லக்கூடியவள்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு ஜாம் பாட்டிலின் மூடியை மட்டும் திறக்க வராது. அதைப் பொடிசுதான் திறந்து கொடுப்பாள்.

பள்ளி விட்டதும் பொடிசு நேராகப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவாள். உயரமான கூரை. தரையில் நான்கு மரமேடைகள். மூலையில் வெள்ளை மாவு வைத்த தட்டு. கை வழுக்காமல் இருக்க எல்லோரும் அதைத் தொட்டுத் தேய்த்துக்கொள்வார்கள். இரண்டு முனைகளிலும் எடை வட்டுகள் மாட்டிய கம்பி தரையில் விழும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கண்ணாடிகள் சேர்ந்து முனகும்.

அவளுக்கு அங்கே மிகவும் பிடித்தது ஒரு சின்னப் பெட்டி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதற்குள்ளிருந்து மெல்லிய நூல் ஒன்று வரும். நூலின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டால் போதும். கம்பி மேலே போக, நூலும் கூடவே போகும். அது எவ்வளவு வேகமாகப் போனது என்று சுவரில் மாட்டிய திரையில் எண் வரும்.

0.61 என்று வந்தால், கம்பி நொடிக்கு அறுபத்தொரு சென்டிமீட்டர் வேகத்தில் மேலே போயிருக்கிறது என்று அர்த்தம். கூடத்தில் யாரும் புள்ளியைச் சொல்வதில்லை. வெறுமனே "அறுபத்தொண்ணு" என்பார்கள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது பொடிசு வாயைத் திறந்தவள் மூட மறந்துவிட்டாள். எடை எவ்வளவு என்று வட்டுகளில் எழுதியிருக்கிறது. உயரம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அக்காவின் கால்களுக்குள் இன்றைக்கு எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்பது எங்கே எழுதியிருக்கிறது? அதை அந்த நூல் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறது.

"உடம்பு களைச்சுப் போனா, முதல்ல வேகம்தான் குறையும்," என்றார் மாஸ்டர். அவர்தான் பயிற்சியாளர். "நமக்கே தெரியறதுக்கு முன்னாடி இதுக்குத் தெரிஞ்சிடும். ஐம்பதுக்குக் கீழே இறங்கினா அன்னிக்குப் போதும். கம்பிய வச்சுட்டு வீட்டுக்குப் போகணும்."

அந்தப் பெட்டியை மாஸ்டர் வேறொரு கூடத்திலிருந்து வாங்கி வந்திருந்தார். பழசு. எப்படிப் பயன்படுத்துவது என்ற புத்தகம் எங்கோ தொலைந்திருந்தது. அவரே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். அக்காவின் மேடையில் பெட்டியை வைத்துக் கொக்கியை மாட்டும் வேலையைப் பொடிசு தானாகவே எடுத்துக்கொண்டாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்த மாதம் பெரிய போட்டி ஒன்று வரவிருந்தது. கூடத்திலிருந்து ஒரே ஒருவரை அனுப்பலாம். அக்கா இரண்டு வருடமாக அதற்காகக் காத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை பொடிசு ஒன்றைக் கவனித்தாள். கம்பியை இழுப்பதற்கு முன்னால் அக்கா ஒவ்வொரு முறையும் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். பெட்டி அவள் இடது காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தவறி மிதித்துவிடுவோமோ என்று பயம்.

'பாவம் அக்கா' என்று நினைத்தாள் பொடிசு. பெட்டியை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்தாள். நூல் நீளமாகத்தானே இருக்கிறது, எட்டும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள் இரண்டு சாண் ஆனது. அக்கா குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பொடிசுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் திரையில் எண்கள் இறங்கின.

அதே நூறு கிலோ. எப்போதும் அறுபத்தொன்று காட்டும் இடத்தில் ஐம்பத்தேழு வந்தது. மறுநாள் ஐம்பத்துமூன்று. புதன்கிழமை நாற்பத்தெட்டு.

"தூங்கினியா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எட்டு மணி நேரம் தூங்கினேன் மாஸ்டர்."

"சாப்பிட்டியா?"

"எங்க அம்மாவக் கேளுங்க. இன்னும் ரெண்டு நாள் இப்படியே சாப்பிட்டா வீட்டையே தின்னுடுவேன்னு சொல்றாங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமையும் அதே நாற்பத்தெட்டுதான். அவர் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தணித்துத்தான் பேசினார். ஆனாலும் பொடிசுக்குக் கேட்டது.

"உடம்பு ரொம்பக் களைச்சிருக்கு. நாளைக்கு வராதே, வீட்டுல படு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேர் அனுப்பணும். இந்தத் தடவை வேற ஆளத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். வீடு வந்ததும், "எனக்குக் களைப்பே தெரியல பொடிசு. என் உடம்பு எனக்கே புரியலன்னா, நான் என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மா பக்கத்து அறையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தாள். அம்மா தச்சு வேலை செய்பவள். வீட்டு முன்னறைதான் பட்டறை.

"பொடிசு, டேப்ப எடுத்து சாப்பாட்டு மேஜையோட உயரத்தப் பாரு. பக்கத்துல அலமாரி வைக்கணும்."

பொடிசு அம்மாவின் டேப்பை எடுத்தாள். இழுத்தால் நீளும், விட்டால் சர்ரென்று உள்ளே ஓடும் இரும்பு டேப். மேஜையின் விளிம்புக்குக் கீழே அக்காவின் பை கிடந்தது. அதை நகர்த்தச் சோம்பல். டேப்பைப் பையைத் தாண்டித் தரையில் வைத்துவிட்டு, நுனியை மேஜையின் விளிம்பு வரை இழுத்தாள்.

"எண்பத்துமூணும்மா."

"என்னது? அது நான் செஞ்ச மேஜைடி. எழுபத்தஞ்சு. அதுக்குள்ள வளர்ந்துடுச்சா?"

பொடிசு பையைத் தள்ளினாள். டேப்பை விளிம்புக்கு நேர் கீழே வைத்து இழுத்தாள். எழுபத்தைந்து.

டேப்பை விடப் போனவள் அப்படியே நின்றாள்.

மறுபடி டேப்பைத் தள்ளி வைத்தாள். கையால் அளந்து பார்த்தாள். இரண்டு சாண். நுனியைத் தரையோடு இழுத்து மேஜைக்கு நேர் கீழே கொண்டுவந்தாள். கை இன்னும் தரையில்தான் இருந்தது, ஆனால் முப்பத்தைந்து சென்டிமீட்டர் டேப் வெளியே வந்துவிட்டது. பிறகு நுனியை நேராக மேலே, விளிம்பு வரை தூக்கினாள். எண்பத்துமூன்று.

எண்பத்துமூன்றில் முப்பத்தைந்து போனால் நாற்பத்தெட்டு.

கை ஏறியது எழுபத்தைந்து. டேப் நீண்டது நாற்பத்தெட்டுதான்.

பொடிசின் கழுத்துக்குப் பின்னால் முடி சிலிர்த்தது. அதே மேஜை. அதே கை. டேப்பை இரண்டு சாண் தள்ளி வைத்ததும் அத்தனை உயரத்தில் ஒரு பெரிய துண்டு காணாமல் போய்விட்டது. இத்தனை நாளும் மேஜையைச் சுற்றி, கதவைச் சுற்றி, காற்றில் இந்தக் கணக்கு சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல்.

அப்படியென்றால் அந்தப் பெட்டி? அதற்கு அக்காவைத் தெரியாது. கம்பியையும் தெரியாது. தன்னிடமிருந்து நூல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். நூல் குறைவாக ஓடினால், கம்பியே மெதுவாகப் போனது என்று நினைத்துக்கொள்ளும்.

பெட்டியைத் தள்ளி வைத்தது யார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மணி மூன்றே முக்கால்.

அவள் அக்காவின் கட்டிலருகே போய் நின்றாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவாயில்ல. ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு."

அக்கா திரும்பினாள். பொடிசு சொன்னாள். டேப்பைக் காட்டினாள். மேஜையருகே கூட்டிப்போய் இரண்டு தடவை செய்தும் காட்டினாள். அக்கா திட்டவில்லை. டேப்பை வாங்கித் தானும் ஒரு தடவை செய்து பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப நான் களைச்சுப் போகலையா?"

"இல்லக்கா. நூல்தான் சாய்ஞ்சிருந்தது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செருப்பப் போடு," என்றாள்.

கூடத்தில் மாஸ்டர் மேஜையில் உட்கார்ந்து போட்டிக்கான தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"வீட்டுல படுன்னு சொன்னேனே."

அக்கா வாயைத் திறக்கும் முன் பொடிசு முன்னால் வந்தாள். "நான் சொல்றேன்கா." "மாஸ்டர், பெட்டிய நான்தான் தள்ளி வச்சேன். அக்கா கால்ல படக்கூடாதுன்னு. அதனாலதான் நம்பர் குறைஞ்சது. வேணும்னா காட்டறேன்."

மாஸ்டர் பேனாவை மூடினார். பொடிசு டேப்பைத் தரையில் வைத்துக் காட்டினாள். அவர் டேப்பை வாங்கி, பெரிய உடம்பை மடக்கி மண்டியிட்டு, ஒரு நாற்காலியை வைத்துத் தானே செய்து பார்த்தார். நேராக ஒரு தடவை. தள்ளி ஒரு தடவை. இன்னும் தள்ளி ஒரு தடவை. மற்ற மேடைகளில் இருந்தவர்கள் கம்பிகளை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"எட்டு மாசமா வச்சிருக்கேன்," என்றார் கடைசியில். "நான் திரைய மட்டும்தான் பார்த்தேன். நூலப் பார்க்கவே இல்ல." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தப்புல பாதி உன்னோடது, பாதி என்னோடது. என் பாதி கொஞ்சம் பெருசு."

அக்கா சின்ன எடைகளைத் தூக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு நூறு கிலோ. பொடிசு பெட்டியைக் கம்பிக்கு நேர் கீழே வைத்தாள். முன்னாலிருந்து பார்த்தாள், பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். நூல் மழைத்தாரை போல நேராக நின்றது. பெட்டியைச் சுற்றி மரமேடையில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"கால் படாது அக்கா. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் பெட்டி."

அக்கா கைகளில் மாவைத் தேய்த்தாள். குனிந்து கம்பியைப் பிடித்தாள்.

பொடிசு இதை நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் இவ்வளவு பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு கம்பி நடுவில் மெல்ல வளைந்தது. அத்தனை தடித்த இரும்பு வளைந்தது. அதற்குப் பிறகுதான் வட்டுகள் தரையை விட்டன. விட்ட பிறகு நிற்கவே இல்லை. தரைக்கு அவற்றின் மேல் பிடியே இல்லாதது போல ஏறின. பெட்டிக்குள் நூல் விர்ரென்று பாடியது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

0.66.

"அஞ்சு கிலோ ஏத்து," என்றார் மாஸ்டர்.

அறுபத்திரண்டு.

"இன்னும் அஞ்சு."

நூற்றுப் பத்து கிலோ. அக்கா இதுவரை தொட்டதே இல்லாத எடை. கம்பி வளைந்தது, கொஞ்சம் யோசித்தது, ஏறியது. ஐம்பத்தேழு.

அக்கா கம்பியை வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள், அவை வேறு யாருடையவோ என்பது போல. "ஒரு வாரமா இது எனக்குள்ளயேதான் இருந்திருக்கு," என்றாள். "நானே நம்பல."

மாஸ்டர் மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். அக்காவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. தாளை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவர் பொடிசைப் பார்த்தார்.

"வா, இப்ப உன் முறை."

புதிதாகச் சேர்பவர்களுக்கென்று வைத்திருந்த லேசான அலுமினியக் கம்பியை எடுத்து, இரண்டு கட்டைகளின் மேல் வைத்தார். ஐந்தே கிலோ. அக்கா குனிந்து பெட்டியை நேராக வைத்தாள், கொக்கியை மாட்டினாள்.

"முதுக வளைக்காதே. காலால தரையத் தள்ளு," என்றாள் அக்கா.

பொடிசு கைகளில் மாவைத் தேய்த்தாள். மூக்கிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்து, தரையைத் தள்ளினாள். உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, முழங்கால் வழியாக, முதுகு வழியாக, விரல் நுனி வரை ஓடியது. அது தனக்குள்ளும் இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

திரையில் 1.42 என்று வந்தது.

"நூத்தி நாப்பத்திரண்டு," என்று மாஸ்டர் உரக்கப் படித்தார். கூடம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. அன்றைக்கு அந்தத் திரையில் வந்த எண்களிலேயே பெரியது பொடிசுடையதுதான்.