உமரிச் சதுப்பில் ஒரு குரல்

“அக்கா, நில்! தண்ணி ஏறுது!”

சேந்தன் கத்தியது துவாரகாவின் காதில் விழுந்தால்தானே? மூடுபனிக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. ஜிட்... ஜிட்ஜிட்! அருகிப்போன ஆரஞ்சு வயிற்றுக் கிளியின் குரல்! முழங்கால் சேற்றில் விழுந்தடித்து ஓடினாள்.

மெல்பனில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருவரும். ஆஸ்திரேலியத் தென்கரையின் அந்த உப்புச் சதுப்பை ஐந்து நாளாகச் சல்லடை போட்டும் ஓர் இறகுகூட அகப்படவில்லை. கிளி இருக்கிறதென்று இன்றும் படம் காட்டாவிட்டால், கட்டடக்காரர்கள் சதுப்பை மண் கொட்டி மூடிவிடுவார்கள். துவாரகாவின் கவலை அது மட்டுமல்ல. அந்த நாட்டுக் கோடையான ஜனவரியில் தாஸ்மானியாத் தீவில் ஏழு கிளிக்குஞ்சுகளுக்கு அடையாளக் கால் வளையம் மாட்டியவள் அவள். தாய் தகப்பன் முன்னதாகப் பறந்துவிடும். குஞ்சுகள் பிறகு, வழிகாட்ட ஆளில்லாமல், தாமாகவே கடல் தாண்டி இந்தக் கரைக்கு வர வேண்டும். என்ன கொடுமை பாருங்கள்! ஏழும் கடலில் விழுந்துவிட்டனவோ என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

குரல் இப்போது இடப்பக்கம். நெருங்கினால் மௌனம். மறுபடி தூரத்தில்! செத்ததுகள்தான் கூப்பிடுகின்றனவோ?

பனி விலகியது. வேலிக்கட்டையில் உட்கார்ந்து கத்தியது, கேட்ட குரலை அப்படியே பாடும் மைனா இனத்து ஸ்டார்லிங்!

“சனியன், எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டுது!” என்றான் சேந்தன். “எந்தக் காலத்துக் குரலைப் பாடமாக்கி வச்சிருக்கோ. வா, போவம்.”

“பொறடா. தலையைப் பார், இன்னும் குஞ்சுப் பழுப்பு. போன நவம்பரிலதான் கூடு விட்டிருக்கும். அப்ப கிளியள் எல்லாம் குஞ்சு பொரிக்கத் தீவுக்குப் போயிட்டுதுகள். பிறகு இது ஆரிட்டக் கேட்டுப் பழகினது?”

சேந்தன் வாயைப் பிளந்தான். “அப்ப... திரும்பி வந்த கிளியிட்டத்தான்!”

எதிரே ஓடையில் இடுப்பளவு கடல்நீர். கைகோத்து இறங்கினார்கள். சேந்தன் வழுக்க, துவாரகா காலரைப் பிடித்து இழுத்தாள். அக்கரையில், உப்புச் சேற்றில் வளரும் உமரிச் செடிகளுக்குள் ஒரு சின்னப் பச்சைக் கிளி விதை கொத்திக்கொண்டிருந்தது. காலில் அவள் மாட்டிய நீல வளையம்!

“வந்திட்டுதடா! கடல் தாண்டி வந்திட்டுது!” அவள் அழுதாள், சிரித்தாள், படம் எடுத்தாள். சதுப்பு பிழைத்தது!

மற்ற ஆறும்? செடி செடியாகத் தேடினார்கள். இல்லை.

கிளி தலை நிமிர்த்திக் கூப்பிட்டது. ஜிட்! வேலிப் பக்கமிருந்து ஸ்டார்லிங் பதில் சொன்னது. கிளி நிம்மதியாகக் குனிந்து மறுபடி விதை கொத்தியது.

“அதைப் போய்ச் சனியன் எண்டிட்டன்,” என்றான் சேந்தன் மெல்ல.

நீர் வற்றியதும் திரும்பினார்கள். கரை ஏறும்வரை குரல்கள் மாறி மாறிக் கேட்டன. துவாரகா நின்று நின்று எண்ணினாள். ஒரு கிளி, ஒரு ஸ்டார்லிங்; இரண்டுக்கு மேல் ஏறவில்லை.