பக்கத்து வீட்டுக்காரி சொன்ன வார்த்தை

இஸ்திரிப் பெட்டியை இறுகப் பிடித்தபடியே செத்துக் கிடந்தாள் ஆங்கில ஆசிரியரின் மனைவி. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் அந்த விரல்களைப் பிரிக்க முடிந்தது என்றாள் முதலில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி.

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். பெட்டி பழசு. பின்மூடித் திருகுகளில் மட்டும் புதுக் கீறல். திறந்தால், மின்சாரம் வரும் கம்பி இரும்போடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. தானாக நேர்ந்ததல்ல.

கணவர் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டதாகவும், அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார். தகவல் எப்படி வந்தது என்று கேட்டதும் உதட்டைச் சுழித்தார்.

“வீட்ல ஒரு மிஸ்ஹாப், உடனே வாங்கன்னு பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க. அவ்வளவுதான். மிஸ்ஹாப்னா கால் சுளுக்குறது, பால் கொட்டுறது. உயிர் போனதுக்கு அதையா சொல்வாங்க? என் மனைவியும் இப்படித்தான். ஒரு இங்கிலீஷ் வார்த்தை உருப்படியா வராது.”

பிணத்தை இன்னும் எடுக்கவில்லை.

வண்டி ஓட்டி வருகிறவர் பதறக் கூடாதே என்றுதான் பூசி மெழுகி அந்த ஒரு வார்த்தையோடு போனை வைத்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். இன்ஸ்பெக்டர் கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டாள். போனை வைத்த கையோடு ஆசிரியர் தன் அறைக்கு வந்து விடுப்புக் கேட்டதாக முதல்வர் சொன்னார். என்ன சொல்லிக் கேட்டார் என்பதையும் சொன்னார்.

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது இறந்தவளின் தம்பியும் வந்து நின்றிருந்தான்.

“முதல்வர்கிட்ட என்ன சொன்னீங்க சார்?”

“ஏதோ ஆக்சிடென்ட்னு...”

“இல்ல. ட்ராஜெடின்னு சொல்லி ஒரு வாரம் லீவு கேட்டீங்க. சுளுக்குக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. அந்தம்மா சொன்னது சின்ன வார்த்தை. செத்துட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

ஆசிரியர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

“வார்த்தையில தப்பே விடாதவர் நீங்க. பெட்டியைக் கழட்டி வச்சுட்டுப் போன உங்களுக்குத்தான் அது சாவுன்னு தெரியும்.”

அவர் சொன்னார், பாடம் நடத்துகிற அதே குரலில். “நாலு பேர் முன்னாடி அவளை என் பொண்டாட்டின்னு காட்ட முடியல.”

தம்பி கை ஓங்கவில்லை. “மேடம், அந்தச் சட்டையைக் கழட்டச் சொல்லுங்க. எங்கக்கா தைச்சது.”

பனியனோடு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.