கால் மணிக்கொரு முறை உறையும் சர்வர்

"கூடப்பிறந்த தம்பியே என்னை ஏமாத்திட்டான் சார்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்தாள். அள்ளி முடிந்த கூந்தலில் ஊதா நிற ரப்பர் பேண்ட். கையில் காவல் நிலையத்துக்கு எழுதிய புகார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஆன்லைன் விளையாட்டுகளுக்கு சர்வரை வாடகைக்கு விடுவது அவள் தொழில். பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, பத்து நாள் முன்பு விலை கூடிய, வேகமான எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க் வாங்கினாள். மாட்டியது தம்பி. அப்படியும் கால் மணிக்கொரு முறை ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது. மாலை ஐந்துக்கு இறுதிப் போட்டி.

"புதுசை வித்துட்டுப் பழசையே மாட்டியிருக்கான். இல்லேன்னா எஸ்.எஸ்.டி.யே தண்டம். ரெண்டுல ஒண்ணு."

"சர்வர் பெட்டியைத் திறந்து பாத்தீங்களாம்மா?" என்றார் நிதானம். தகராறு என்றால் ஊரார் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான்; எதையும் பதறாமல் தீர்ப்பதால் வந்த பட்டப்பெயர் அது, ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோயிருந்தது.

"அவன் திறந்து காட்டுறேன்னான். தடயத்தை அழிச்சுடுவான்னு ரூமைப் பூட்டிட்டேன். சாட்சி இல்லாம திறக்க மாட்டேன்."

"வாங்க அத்தான், போவோம்!" என்று அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார் நிதானத்தின் மனைவியின் தம்பி. மனிதருக்குக் காலில் சக்கரம்.

சர்வர் அறை வாசலில் அவள் தம்பி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக அக்காவிடம் பேச்சில்லை. அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே சுவரில் அவன் எழுதி ஒட்டிய தாள்: 'பழைய டிஸ்க்கில் விளையாட்டு உலகம் திறக்க 94 நொடி.' பக்கத்தில் திறந்து கிடந்த இன்னொரு பெட்டியிலும் அவன் வேலைதான். டிஸ்க்குக்கு நாலு ஸ்க்ரூ, ஒன்றுகூடக் குறையவில்லை.

நிதானம் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். மணி மூன்றே முக்கால். திரையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பெட்டிக்குள் கரகரவென்று ஒரு சத்தம்.

"அத்தான், எஸ்.எஸ்.டி.யில சுத்துற தகடே கிடையாது! சத்தம் வருதுன்னா உள்ளே இருக்கிறது பழசு! ஆள் மாட்டிக்கிட்டான்!"

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அவள் பேனாவை எடுத்தாள்.

"பொறு மாப்ளே. அம்மா, பேனாவைக் கீழே வைங்க. சர்வரை நிறுத்தித் திரும்பத் திறங்க, பாப்போம்."

உலகம் ஒன்பதே நொடியில் திறந்தது.

"பழசா இருந்தா தொண்ணூத்தி நாலு ஆகணுமே? அப்போ எஸ்.எஸ்.டி. உள்ளேதான் இருக்கு. ஆனா கரகரன்னு பழசும் சுத்துது. ரெண்டும் இருக்கு. இப்ப மின்சாரத்தை நிறுத்திட்டுப் பெட்டியைத் திறங்க."

உள்ளே எஸ்.எஸ்.டி., நாலு ஸ்க்ரூவோடு கச்சிதமாக இருந்தது. அதன் பின்னால், ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல், ஊதா நிற ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பழைய டிஸ்க்.

எல்லார் கண்களும் அவள் கூந்தலுக்குப் போயின.

"புதுசு மாட்டின அன்னிக்கு இவன் சாப்பிடப் போயிருந்தான்" என்றாள் மெதுவாக. "போன வருஷம் ஒரு டிஸ்க் செத்து, மூணு வருஷமா ஒரு குழு ஆட்டத்துல கட்டின நகரமே அழிஞ்சுபோச்சு. போன்ல அழுதாங்க சார். அதான் புதுசை நம்பாம, பழசுலயும் ஒரு நகல் எழுதட்டும்னு மாட்டினேன். காப்புக்குத்தானே, அதனால ஆட்டம் நிக்கும்னு தோணவே இல்லை..."

"காப்பு வேணும்மா. ஆனா ரெண்டுலயும் எழுதி முடிச்சாத்தான் ஆட்டம் நகரும்னு வெச்சிருக்கீங்க. கால் மணிக்கொரு தடவை உலகத்தைச் சேமிக்கும்போது குதிரை ஆமைக்காக நிக்குது. எஸ்.எஸ்.டி. தண்டமில்லை. உலகம் சட்டுனு திறக்க, ஓடுறவனுக்குப் புது இடத்தை உடனே காட்ட, அது வேணும். நகலை ஆட்டத்தை நிறுத்தாம தனியா எடுத்துக்குங்க."

தம்பி வந்து பழைய டிஸ்க்கைக் கழற்றினான். சர்வர் மறுபடி ஓடியது. நாலே கால் ஆயிற்று. திரையில் ஒருவரும் நிற்கவில்லை.

அவள் புகாரைக் கிழித்தாள். "திருடன்னு சொல்லிட்டேனேடா" என்றாள்.

அவன் டிஸ்க்கிலிருந்து ரப்பர் பேண்டை உருவி அவள் கையில் வைத்தான்.

"காப்பு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாலு ஸ்க்ரூ போட்டு நானே மாட்டிக் குடுத்திருப்பேனே அக்கா."