இருபத்தாறுக்குக் கீழே

தினமும் காலை ஆறு மணிக்கு நான் செய்யும் முதல் வேலை ஒரு துண்டுத் துணியை நனைப்பது. விரல் நீள வெள்ளைத் துணி. அதை வெப்பமானியின் குமிழில் சுற்றி, அறுவை அரங்கின் வாசல் சுவரில் மாட்டி, விசிறியைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பேன். பிறகு எண்ணைப் படித்து, பதிவேட்டில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கதவில் கட்டைவிரலை வைப்பேன். பூட்டுக்குத் தெரிவது நான் எழுதும் எண் மட்டும்தான்; அது இருபத்தாறுக்குக் கீழே இருந்தால்தான் திறக்கும். அதன்பின் மொட்டை மாடிக்குப் போய்க் கொடியேற்ற வேண்டும். வெள்ளைக் கொடி என்றால் இன்று கத்தி உண்டு, சிவப்பென்றால் கிடையாது.

இந்தக் காலத்தில் போய் ஈரத்துணியா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுவருக்குச் சுவர் சென்சார் பதித்திருந்த காலமும் எங்கள் ஆஸ்பத்திரியில் உண்டு. கடல் பக்கத்து உப்புக்காற்று அவற்றைத் தின்றது. அவை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லின, நாங்களும் நம்பிக் கதவைத் திறந்தோம். ஒரே சித்திரையில் நாற்பத்தொரு பேரைப் பறிகொடுத்தோம். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது: மனிதக் கண் படிக்க வேண்டும், மனிதக் கை எழுத வேண்டும். அந்தக் கண்ணும் கையும் இருபத்திரண்டு வருடமாக என்னுடையவை. பெயர் பேச்சிமுத்து, பதவி காலக்காவலர். ஊரில் டாக்டரைவிட எனக்குத்தான் கும்பிடு அதிகம். அந்தக் கும்பிடு என் தலைக்கு ஏறிவிட்டிருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கிருமிக்கும் பருவம் உண்டு என்று பழைய டாக்டர்களுக்கே தெரியும். வெயில் ஏறினால் ஆஸ்பத்திரிக்குள் சில தொற்றுகள் ஏறும், குளிர் வந்தால் இறங்கும். அன்றைக்கு மருந்து இருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலிக்காமல் போயின. கோடையோ ஒன்பது மாதமாக நீண்டது. இப்போது கோடைக்கிருமி என்று ஊரே பெயர் வைத்திருக்கும் அந்தச் சனியன் எங்கள் வாஷ்பேசின் வடிகால்களுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. காற்று காய்ந்திருக்கும் வரை தூங்கும். சூடும் ஈரமும் சேர்ந்து ஈரவெப்பம் இருபத்தாறைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அரங்கில் குழாயைத் திறந்தால் போதும், தெறிக்கிற நீரோடு கிளம்பி வந்து திறந்த காயத்தில் உட்காரும். ஏசி போட்டும் பார்த்தார்கள். ஏசிக் குழாய்க்குள் வியர்த்த நீரில் அது இன்னும் சொகுசாக வளர்ந்தது.

ஆகவே எங்களுக்குக் கத்திக்காலம் என்பது மார்கழி, தை, மாசி மட்டும்தான். மற்ற மாதங்களில் குடல்வால் வீங்கினால் பிழைப்பது அபூர்வம். அதனால் வீங்கும் முன்பே எடுத்துவிடுவது வழக்கமாயிற்று. பிள்ளைக்குப் பத்து, பதினொன்று வயதானால் நாள் பார்த்து, பத்திரிகை அடித்து, வாலெடுப்பு வைப்பார்கள். காதுகுத்துக்கு மடி கொடுக்கிற தாய்மாமன்தான் இதற்கும் முதல் ஆள். புதுத்துணி எடுத்துக் கொடுத்து, பிள்ளையின் கையைப் பிடித்து அரங்கு வாசல்வரை அவன்தான் கூட்டிப்போக வேண்டும். மாமன் இல்லாமல் வாலெடுப்பு நடந்ததாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

என் தங்கை கோமதியின் மகள் உலகம்மைக்குப் பதினோரு வயது. அவளுக்கு இந்தத் தையில் நாள் குறித்தார்கள். பத்திரிகையில் என் பெயருக்கு மேலே என் சித்தப்பா மகனின் பெயர் இருந்தது. அவன் பினாங்கில் இருக்கிறான், பிள்ளையை நேரில் பார்த்ததுகூட இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஊரே கும்பிடுகிறவனுக்குச் சொந்தத் தங்கை வீட்டில் இரண்டாம் இடமா? வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கோமதி மூன்று தடவை வந்து அழுதாள். மைத்துனர் வந்து அச்சகத்துக்காரனின் தப்பு என்றார். நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போய்விடலாம் என்றுதான் மனசுக்குள் இருந்தது. அவர்களோ அண்ணன் மனசு இறங்கட்டும் என்று நாளை மாசிக்கு ஒத்திப்போட்டு, மாசி முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள்.

பங்குனி நாலாம் தேதி எண் இருபத்தாறைத் தாண்டியது. சிவப்புக் கொடியை நானேதான் ஏற்றினேன். கயிற்றை இழுக்கும்போது உலகம்மையின் நினைப்பு வராமல் இல்லை. அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே இறங்கி வந்து காபி குடித்தேன்.

பங்குனி பன்னிரண்டு அன்று காலை எண் இருபத்தாறு புள்ளி நான்கு. பத்து மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கோமதி, அவள் மடியில் சுருண்டு கிடந்த உலகம்மை. முந்தின நாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி இப்போது வலது அடிவயிற்றில் வந்து நிற்கிறதாம், இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாளாம். சண்டை, பத்திரிகை, பெயர் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தள வார்டுக்கு ஓடினேன்.

ஜெபமணி டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கையடக்க ஊடுநோக்கியை வயிற்றின் மேல் ஓட்டிப் பார்த்தார், விரலால் அழுத்திவிட்டு எடுத்தார், பிள்ளை துடித்தாள். என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். வால் நன்றாக வீங்கிவிட்டது, சாயங்காலத்தைத் தாண்டாது. உடைந்து சீழ் வயிற்றுக்குள் பரவினால், மருந்தில்லாத இந்தக் காலத்தில் பத்துக்கு ஒன்று பிழைக்கும். உடையும் முன்னால், எண் இறங்கியிருக்கும்போது எடுத்தால் பத்துக்கு ஒன்பது. இப்போதே, இந்த எண்ணில் எடுத்தால் பாதிக்குப் பாதி. குளிர்ச்சியான மலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். ஐந்து மணி நேரப் பாதையில் குலுங்கியே உடைந்துவிடும் என்றார்.

பாதிக்குப் பாதி என்றதும் என் கை தானாகப் பதிவேட்டைத் தேடியது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அரங்குக்குப் பக்கத்து வார்டுல ஒம்பது பேர் காயம் ஆறாமக் கெடக்காங்க. கத்திக்காலத்துக் கடைசி வாரம் பண்ணினது. அதுல ஆறு பேர் பிள்ளைங்க. அரங்கைத் திறந்தா காத்து அங்கதான் போவும்," என்றார். "நீங்க என்ன எழுதுதீங்கன்னு நான் எட்டிப் பாக்க மாட்டேன். திறந்தீங்கன்னா வெட்டுவேன்."

பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். வானிலைக்கோளின் செய்தியை எடுத்துப் பார்த்தேன். நான்கு மணி வாக்கில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று வரும், ஈரம் இறங்கும் என்றிருந்தது. ஆறு மணி நேரம். வால் அதுவரை தாங்குமா என்று எந்தக் கோளும் சொல்லாது.

கோமதி அரங்கு வாசலுக்கே ஏறி வந்துவிட்டாள். டாக்டர் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு எண்ணுதானண்ணே. இருபத்தஞ்சேமுக்கால்னு போடு. யாரு வந்து பாக்கப் போறா?"

ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைங்கள்லாம் அவங்கவங்க மாமன் கையப் பிடிச்சிட்டு நேரத்துக்கு வந்துட்டாங்க. எம்பிள்ளைக்கு அந்தக் கை கெடைக்கல. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேனாவை எடுத்தேன். இருபத்தைந்து என்று எழுதியும்விட்டேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை சிரிப்பது கேட்டது. என்ன விளையாட்டோ தெரியாது. அந்தச் சித்திரையில் நான் இங்கே வார்டு ஆளாக இருந்தேன். நாற்பத்தொரு பேரில் முப்பது பேரைத் துணி சுற்றித் தூக்கியவன் நான், அவர்களில் சிலர் முந்தின நாள்வரை சிரித்தவர்கள்தான். எழுதியதை அடித்துவிட்டு, இருபத்தாறு புள்ளி நான்கு என்று எழுதினேன். நான்கு மணிக்குக் காற்று திரும்பும் என்று கோமதியிடம் சொன்னேன். அவள் படியிறங்கிப் போனாள். நான் செய்தது நியாயமா, பயமா, இல்லை மறுபடியும் வீம்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் காலக்காவலனாக இல்லை, வெறும் பைத்தியக்காரன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணியை நனைப்பதும், எண்ணைப் பார்ப்பதும், கீழே ஓடிப் பிள்ளையைப் பார்ப்பதுமாக இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அதே புள்ளி நான்கு. ஒன்றரைக்குப் புள்ளி மூன்று. கட்டடத்தின் பதினான்கு வடிகால்களுக்குள்ளும் கிருமியை மோப்பம் பிடிக்கும் முகர்விக் கருவியை விட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. இருபத்திரண்டு வருடம் பழகிய கட்டடம்தான். அன்றைக்கு அந்தக் குழாய்களின் பக்கம் நான் முதுகைக் காட்டி நிற்கவே இல்லை.

மூன்று மணிக்குக் கீழே போனபோது கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உலகம்மைதான் கூப்பிட்டாள். முழங்காலை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, உதடு வெளுத்துப் படுத்திருந்தாள். அந்த வலியிலும் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"மாமா, எனக்குப் புதுத்துணி எடுத்துட்டியளா?"

எடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். என்ன கலர் என்று கேட்டாள். பச்சை என்றேன். பச்சை பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

மூன்றரைக்குப் புள்ளி ஒன்று. மாடியில் கட்டியிருந்த சிவப்புக் கொடி அதுவரை ஈரத்துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது கொஞ்சம் அசைந்தது. நான்கு மணிக்குச் சரியாக இருபத்தாறு. சட்டம் கீழே என்கிறது, சரியாக என்று சொல்லவில்லை. அந்த இருபது நிமிடம் நான் கும்பிடாத சாமி இல்லை. தரையில் உட்கார்ந்து, வெப்பமானியின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு இருபதுக்கு இருபத்தைந்து புள்ளி எட்டு.

என் கண்ணை நானே நம்பாமல், துணியை மாற்றிச் சுற்றி இன்னொரு தடவை பார்த்தேன். புள்ளி எட்டேதான். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், கட்டைவிரலை வைத்தேன். பூட்டு திறந்தது. காய்ந்த காற்று வராந்தா முழுக்க வீசியது. இருக்கிற வயதையும் மறந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

பாதிப் படியில் கோமதி எதிரே ஏறி வந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. காலையிலிருந்து பார்க்காத சிரிப்பு. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வலி போயிட்டுண்ணே. பொட்டுன்னு நின்னுட்டு. எந்திச்சு உக்காந்து தண்ணி கேக்கா."

இந்த வார்த்தையை இந்தக் கட்டடத்தில் எத்தனையோ தாய்மார் வாயால் கேட்டிருக்கிறேன். வீங்கிய வால் உடைகிற நிமிடத்தில் வலி நின்றுவிடும். கொஞ்ச நேரம் பிள்ளை தெளிவாக இருக்கும், பேசும், தண்ணீர் கேட்கும். அதற்குப் பிறகு வயிறு கல்லாகும். கோமதிக்குப் பின்னால் ஜெபமணி டாக்டர் உலகம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆமாம், உடைந்துவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, எங்களைத் தாண்டித் திறந்த அரங்கை நோக்கி ஓடினார். மாமனைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்தாள்.

கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா ஏன் இப்படி ஓடுகிறார் என்று என்னைக் கேட்டாள்.

"இனி எதுக்குண்ணே கத்தி? பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்ற தையில எல்லாரும் கூடி நல்லபடியா செய்வோம். நீ வருவேல்லா?"

வருவேன் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் அவள் தோளைப் பிடித்து அந்தப் படியிலேயே உட்கார வைத்தேன்.